ரப்பர் பாதத்தில் ஒரு தட்டடவு

பரதநாட்டிய வகுப்பில் முதல் பாடம் தட்டடவு. அரைமண்டியில் அமர்ந்து, பாதத்தைத் தூக்கி, உள்ளங்கால் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி தட்ட வேண்டும். குதிகால் முந்தினாலும் விரல்கள் முந்தினாலும் ஓசை பிசகும். நட்டுவனாரின் தட்டுக்கழி நின்றுவிடும். மூன்று காலத்திலும் தட்டிப் பழகுவதற்குள் பிஞ்சுப் பாதங்கள் சிவந்து போகும்.

பார்ப்பதற்கு எளிதாகத் தெரியும் இந்தத் தட்டுக்குள் உடல் போடும் கணக்கு பெரிது. மனிதப் பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். அவற்றை இழுத்தும் கட்டியும் வைக்க நூற்றுக்கு மேற்பட்ட தசைகளும் தசைநாண்களும் தசைநார்களும். கணுக்கால் மேலும் கீழும் மடங்குகிறது. அதற்குக் கீழே இருக்கும் இன்னொரு மூட்டு பாதத்தை உள்ளும் புறமும் சாய்க்கிறது. மேடுபள்ளமான வரப்பில் நாம் விழாமல் நடப்பது அந்த மூட்டின் புண்ணியம். உள்ளங்கால் தோலில் நிறைந்திருக்கும் நரம்பு நுனிகள், எடை எந்தப் பக்கம் சாய்கிறது, தரை வழுக்குகிறதா சொரசொரக்கிறதா என்று இடைவிடாமல் மேலே செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அவற்றைக் கேட்டு இடுப்பும் முழங்காலும் தங்களைத் திருத்திக்கொள்கின்றன.

இத்தனையும் ஒரே நாளில் இல்லாமல் போய்விட்டால், அதன் பிறகு தட்டடவு போட முடியுமா?

1981 மே மாதம் திருச்சிக்கு அருகே நடந்த ஒரு சாலை விபத்தில், மும்பையைச் சேர்ந்த சுதா சந்திரன் என்ற பெண்ணின் கால்களில் காயம் பட்டது. சிறு வயதிலிருந்தே பரதம் பயின்று மேடையேறியவர். அப்போது பதின்வயதைத் தாண்டவில்லை. முதலுதவிக்குப் பிறகு சென்னைக்குக் கொண்டுவரப்பட்டபோது வலது காலில் அழுகல் கண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு செயற்கைக் காலுடன் அவர் மீண்டும் ஆடினார். அவருடைய வாழ்க்கையையே கதையாக்கி, அவரையே நாயகியாக வைத்து சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய தெலுங்குப் படம் 'மயூரி'. அடுத்து அது இந்தியில் 'நாச்சே மயூரி' ஆனது. நடிப்புக்காகத் தேசிய விருதுக் குழுவின் சிறப்பு விருதும் அவருக்குக் கிடைத்தது.

இந்தக் கதையைப் பள்ளி ஆண்டுவிழாவிலும் தன்னம்பிக்கைப் பேச்சிலும் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். மன உறுதி இருந்தால் எதையும் வெல்லலாம் என்று முடிப்பார்கள். உறுதி இருந்ததில் சந்தேகமில்லை. ஆனால் 'செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு' என்று ஒரே வரியில் எல்லோரும் தாண்டிப் போகிறார்களே, அந்த வரிக்குள்தான் மருத்துவம், ரப்பர் வேதியியல், சிற்பத் தொழில், மூளையியல் எல்லாம் அடங்கிக் கிடக்கின்றன. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

முழங்கால் தப்பியது

முதலில் அந்த அழுகல். காயம்பட்ட இடத்துக்கு ரத்தம் போய்ச் சேராவிட்டால் திசு இறக்கும். இறந்த திசுவில் ஆக்சிஜன் இருக்காது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் செழிக்கும் சில பாக்டீரியாக்களுக்கு அது விளைநிலம். அவை கக்கும் நஞ்சு பக்கத்தில் இருக்கும் நல்ல தசையையும் கொன்றுகொண்டே மேலேறும். ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. எந்த மருந்தும் அங்கே போய்ச் சேராது, ஏனென்றால் மருந்தைச் சுமந்து போக வேண்டிய ரத்தமே அங்கே ஓடவில்லை. அதனால்தான் காலை எடுக்கிறார்கள்.

எடுக்கும்போது அறுவை மருத்துவர் மனத்தில் ஓடும் பெரிய கேள்வி, முழங்காலைக் காப்பாற்ற முடியுமா என்பது. முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர் செயற்கைக் காலோடு நடக்க, மற்றவர்களைவிடப் பொதுவாகக் கால் பங்கு அளவுக்குக் கூடுதல் சக்தி செலவாகிறது. முழங்காலும் போய்விட்டால் அது பாதிக்கு மேல் ஏறிவிடும். ஒவ்வோர் அடியிலும் உடலை முன்னே உந்தித் தள்ளும் கெண்டைக்கால் தசை போய்விட்டது. அந்த வேலையை இடுப்பும் தொடையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்ய வேண்டியிருக்கிறது. முழங்கால் இருந்தால் மடக்கலாம், அமரலாம், விழப் போகையில் தாங்கிக்கொள்ளலாம். முழங்கால் மடங்காமல் அரைமண்டி ஏது? பெரும் இழப்புக்கு நடுவே சுதாவுக்கு மிஞ்சியது இந்த ஒரு மூட்டு.

செருப்பை வாசலில் விடும் நாட்டுக்கு ஒரு கால்

அன்று உலகின் பல பகுதிகளில் பொருத்தப்பட்டு வந்த செயற்கைப் பாதத்துக்கு 'சாச்' என்று பெயர். 1950-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உருவானது. உள்ளே மரத்தாலான ஒரு தண்டு, குதிகாலில் மெத்தென்ற ஓர் ஆப்பு, வெளியே மேல்பூச்சு. கணுக்கால் மடங்காது. ஷூ மாட்டிக்கொண்டு சமதளத்தில் நடந்து, நாற்காலியில் உட்கார்ந்து எழுபவருக்கு அது நன்றாகவே உதவியது.

ஜெய்ப்பூரில் சவாய் மான்சிங் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தி கண்டது வேறு. இப்படிப்பட்ட காலை வாங்கிப் போனவர்கள் சில நாளில் அதைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு ஊன்றுகோலுக்கே திரும்பிக்கொண்டிருந்தார்கள். காரணம் தெளிவானது. இங்கே வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் ஷூவோடு போக முடியாது. சோறு தின்னச் சம்மணம் போட வேண்டும். கழிப்பறைக்குக் குந்த வேண்டும். வயலில் சேற்றுக்குள் இறங்க வேண்டும். ஷூ நனைந்தால் அழுகிவிடும். மடங்காத கணுக்காலோடு குந்தப் பார்த்தால் ஆள் பின்னால் சாய்ந்துவிடுவார். காலில் பழுதில்லை, அது வேறொரு வாழ்க்கைக்காகச் செய்த கால்.

அதே மருத்துவமனைக்கு, நோயாளிகளுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுக்க ஒருவர் வந்துகொண்டிருந்தார். ராம்சந்திர சர்மா. நான்காம் வகுப்புவரை படித்தவர், கைவினைக் குடும்பம், சிற்பம் அவருக்குக் கைவந்த கலை. எல்லோரும் 'மாஸ்டர்ஜி' என்றே அழைத்தார்கள். நோயாளிகள் படும் பாட்டைப் பார்த்தவர், கடையில் விற்கும் பாதத்தைத் திருத்த முயலாமல், மனிதப் பாதத்தையே வார்த்து எடுக்கப் பார்த்தார். என்ன பொருளில் வார்ப்பது என்பதுதான் முட்டுக்கட்டையாக இருந்தது. அவருடைய சைக்கிள் டயர் பஞ்சராகி ஒட்டுப்போடும் கடைக்குப் போனபோது, அங்கே லாரி டயருக்கு ரப்பர் ஏற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்ததுதான் திருப்பம் என்று சொல்வார்கள். இந்தியச் சாலைகளில் பல டன் பாரத்தைத் தாங்கும் பொருள், மனித எடையைத் தாங்காதா?

நாமக்கல், சங்ககிரி பக்கம் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு, இப்படித் தேய்ந்த டயருக்கு ரப்பர் ஏற்றும் ரீட்ரேடிங் கடையின் வாடை பழகியிருக்கும். அந்த வாடைக்குக் காரணம் சூடான ரப்பரும் கந்தகமும். பச்சை ரப்பர் என்பது மிக நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் குவியல். ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். அதனால் வெயிலில் இளகும், இழுத்தால் நீண்டது நீண்டபடியே நிற்கும். கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் சங்கிலிகளுக்கு இடையே ஆங்காங்கே கந்தகப் பாலங்கள் விழுகின்றன. தனித்தனி நூலாகக் கிடந்தது முடிச்சு விழுந்து மீன்வலை ஆவதுபோல. இனி இழுத்தாலும் அழுத்தினாலும் அது பழைய வடிவத்துக்கே திரும்பி வரும். சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டுபிடித்த இந்த வித்தைக்குத்தான் வல்கனைசிங் என்று பெயர்.

சேத்தி, சர்மா, அவர்களுடைய மருத்துவ நண்பர்கள் எல்லோரும் சேர்ந்து முயன்றார்கள். முழுக்க ரப்பரால் நிரப்பிய பாதம் கனத்தது. சரியாக வளையவும் இல்லை. பிறகுதான் ஒரே பாதத்துக்குள் பல பொருள்களை வைக்கும் யோசனை வந்தது. 1968-ல் ஜெய்ப்பூர் பாதம் உருவானது.

அதை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால் உள்ளே மூன்று கட்டைகள் தெரியும். கணுக்கால் இருக்கும் இடத்தில் ஒரு மரக்கட்டை. அதிலிருந்து ஒரு போல்ட் மேலே நீண்டு கால் குழாயோடு சேர்கிறது. குதிகாலிலும் பாதத்தின் முன்பகுதியிலும் நுண்துளை ரப்பர். சர்க்கரை நோயாளிகளுக்கும் தொழுநோயாளிகளுக்கும் மருத்துவமனையில் எழுதிக்கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பு இருக்கிறதல்லவா, அதே சரக்கு. இந்த மூன்றையும் டயருக்குள் இருக்கும் நைலான் நூல் பட்டைகளால் இறுக்கிச் சுற்றுகிறார்கள். மேலே தோல் நிறத்தில் ஒரு ரப்பர் உறை. எல்லாவற்றையும் பாத வடிவ அச்சுக்குள் வைத்து மூடிச் சூடேற்றினால், விரல்கள் உட்பட ஒரே துண்டாக வெளியே வருகிறது.

இதில் மூட்டு என்று ஒன்று கிடையாது. கீலும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. ஆனாலும் மூட்டு செய்யும் வேலையில் பெரும்பகுதி நடக்கிறது. குதிகாலை ஊன்றினால் அங்குள்ள நுண்துளை ரப்பர் அமுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. எடை முன்னே வந்தால் முன்பகுதி மேல்நோக்கி மடங்குகிறது. குந்தலாம். பக்கவாட்டில் சாய்த்தால் ஒரு புறம் அமுங்கி மறுபுறம் விரிகிறது, வரப்பில் நடக்கலாம். மரக்கட்டையைக் குட்டையாக வைத்ததால் பாதத்தின் மீதி நீளம் முழுதும் வளைவதற்குக் கிடைத்தது. நனைந்தால் துடைத்துவிட்டுப் போகலாம். ஷூ வேண்டியதே இல்லை.

இந்தப் பாதத்துக்கு சேத்தி காப்புரிமை வாங்கவில்லை. ஆனாலும் முதல் சில ஆண்டுகள் அது ஏதோ சிலருக்குத்தான் கிடைத்தது. விபத்தில் கிட்டத்தட்டக் காலை இழந்து தப்பிய டி. ஆர். மேத்தா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி 1975-ல் பகவான் மகாவீர் விகலாங் சகாயதா சமிதியைத் தொடங்கி, காலை இலவசமாகப் பொருத்த ஏற்பாடு செய்த பிறகுதான் அது ஊர் ஊராகப் போனது. பிறகு கண்ணிவெடிகளால் கால் இழந்தோர் நிறைந்த ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளுக்கும் போனது. குறைகளும் உண்டு. கையால் செய்வதால் ஒன்றைப் போல் மற்றொன்று அமைவதில்லை. எடையும் சற்று அதிகம்.

1981-ல் சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்துத்தான் சுதா ஜெய்ப்பூருக்குப் போனார். நடக்க முடியுமா என்று கேட்கும் நோயாளிகளையே பார்த்துப் பழகிய மருத்துவரிடம், ஆட முடியுமா என்று ஒருத்தி கேட்டாள். முடியும் என்றார் சேத்தி. அடவுகளில் பாதம் எப்படியெல்லாம் திரும்புகிறது என்று கவனித்து, அதற்கேற்ப மாற்றங்கள் செய்து கொடுத்தார் என்று சுதாவைப் பற்றிய கட்டுரைகள் சொல்கின்றன. செருப்பில்லாத கலை பரதம். செருப்பில்லாத வாழ்க்கைக்கென்று செய்த பாதம் அது. ஷூவுக்குள் ஒளிந்துகொள்ளும் ஒரு பாதத்தோடு அவர் எந்த மேடையில் ஏறியிருக்க முடியும்?

பாதம் இல்லை, பாதத்தின் படம் இருக்கிறது

பாதம் கிடைத்தாயிற்று. ஆனால் அதற்கு உணர்ச்சி இல்லை. தரையைத் தொட்டதும் செய்தி சொல்ல அதில் நரம்பு இல்லை. அப்படியானால் தட்டு சரியாக விழுந்ததா என்று ஆடுபவருக்கு எப்படித் தெரியும்?

எஞ்சிய கால் ஒரு கிண்ணம் போன்ற சாக்கெட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. பாதம் தரையில் படும் ஒவ்வொரு முறையும் அந்த அதிர்வு குழாய் வழியே ஏறிச் சாக்கெட்டுக்குள் இருக்கும் தோலை அழுத்தும். குதிகால் முந்தினால் அழுத்தம் ஓரிடத்தில். விரல் முந்தினால் வேறோர் இடத்தில். முழங்கால், இடுப்புத் தசைகளுக்குள் இருக்கும் நீட்சி உணரிகள் தங்கள் பங்குக்குச் செய்தி சொல்லும். காது ஓசையைக் கேட்கும். உள்ளங்கால் நேரடியாகச் சொன்னதை இப்போது மூன்று நான்கு சாட்சிகளை விசாரித்து மூளை ஊகிக்க வேண்டியிருக்கிறது. சாக்கெட்டுக்குள் இருக்கும் தோலோ உள்ளங்கால் தோலைப் போல மிதிபடுவதற்காக அமைந்தது இல்லை. சிவக்கும், கொப்புளிக்கும், கிழிந்து ரத்தம் வரும். மெல்ல மெல்லப் பழக்கினால்தான் தடிக்கும். பயிற்சியில் பட்ட வலி என்று சுதா சொல்வதில் இந்தத் தோலின் பங்கு பெரிது.

மூளைக்குள் நடப்பது இதைவிட வியப்பு. கனடாவின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளைப் பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்த்து, உடலின் எந்தப் பகுதிக்கு மூளையில் எந்த இடம் என்று 1930-களில் வரைபடம் போட்டார். இரு மூளைப் பாதிகளுக்கும் நடுவே இருக்கும் பிளவின் உட்சுவரில் பாதத்தின் இடம். காலை எடுத்துவிட்டாலும் அந்த இடம் மூளையில் அப்படியே இருக்கிறது. உறுப்பை இழந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அது இன்னும் இருப்பதாகவே உணர்கிறார்கள். இல்லாத விரல் அரிக்கும், இல்லாத கணுக்கால் வலிக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காலிழந்த வீரர்களைக் கவனித்த சைலஸ் வெயர் மிட்செல் 1871-ல் இதற்கு மாயஉறுப்பு என்று பொருள்படும் பெயரை வைத்தார்.

இந்தப் புதிரில் கை வைத்த பெரிய பெயர் நம்மூர்க்காரர் ஒருவருடையது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியாவில் பேராசிரியரான வி. எஸ். ராமச்சந்திரன். இல்லாத கை இறுக மூடிக்கொண்டு வலிக்கிறது என்று சொன்னவர்களுக்கு 1990-களில் அவர் கொடுத்த மருந்து ஒரு கண்ணாடி. அட்டைப்பெட்டியின் நடுவே கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தி, இருக்கும் கையை ஒரு பக்கம் வைக்கச் சொன்னார். பிம்பத்தைப் பார்க்கும் கண்ணுக்கு இரண்டு கைகள் தெரியும். நல்ல கையை விரித்தால் இல்லாத கையும் விரிவதாக மூளை நம்பியது; பலருக்கு இறுக்கம் தளர்ந்தது. காலிழந்த ராணுவத்தினரிடம் இதைச் சோதித்து 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கண்ணாடிப் பயிற்சி செய்த குழுவில் நான்கு வாரத்தில் எல்லோருக்கும் வலி குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், பின்வந்த ஆய்வுகளில் பலன் ஒரே சீராக இல்லை.

வேலையற்றுப் போன மூளைப் பகுதியைப் பக்கத்துப் பகுதிகள் ஆக்கிரமித்துக்கொள்கின்றன என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். 2025-ல் வெளியான ஓர் ஆய்வு அதை அசைத்திருக்கிறது. கையை அறுவையில் இழக்கவிருந்த மூவரின் மூளையை முன்கூட்டியே படம் பிடித்து, அறுவைக்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். கையின் வரைபடம் ஏறக்குறைய மாறாமல் அப்படியே இருந்தது.

மாயஉறுப்பு வலியைக் கொடுக்கும் பேய் மட்டும் இல்லை. செயற்கைக் காலை மாட்டியதும், தாம் உணரும் மாயக்கால் அதற்குள் போய்ச் சரியாகப் பொருந்திக்கொள்வதாகவும், அது உணர்வில் இல்லாத நாளில் நடை தடுமாறுவதாகவும் சொன்னவர்களை மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். சிறுவயதிலிருந்து ஆடிப் பழகியவரின் மூளையில் அடவுகளின் நிரல் ஆண்டுக்கணக்கில் ஊறிப் போயிருக்கும். பாதம் போனாலும் அந்தப் பயிற்சி வெட்டுப்படாமல் மேலே தங்கிவிடுகிறது. ரப்பர் பாதத்தை வைத்துக்கொண்டு மூளை புதிதாகக் கற்க வேண்டியிருந்தது தரையின் மொழியை மட்டும்தான்; ஆட்டத்தின் மொழி முன்பே அங்கே இருந்தது.

உறுதி எங்கே இருக்கிறது?

துன்பத்திலிருந்து சிலர் மட்டும் எப்படி மீள்கிறார்கள் என்பதை உளவியலும் நெடுநாள் ஆராய்ந்திருக்கிறது. ஹவாய்த் தீவுக் கூட்டத்தில் கவாய் என்ற தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, சிதைந்த குடும்பம், பெற்றோரின் குடிப்பழக்கம், மனநோய் என்று பல சுமைகளோடு பிறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நல்லபடியாகவே வளர்ந்து நின்றார்கள். அவர்களிடம் சில இயல்பான குணங்கள் இருந்தன. ஆனால் அடிக்கடி தென்பட்ட ஒன்று அவர்களுக்கு வெளியே இருந்தது. பாட்டியோ, ஆசிரியரோ, அண்டை வீட்டாரோ, அவர்களை விட்டுக்கொடுக்காத ஒருவராவது இருந்தார்.

சுதாவின் கதையில் அப்படி எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கலாம். கூடவே நின்ற பெற்றோர். முழங்காலைக் காப்பாற்றிய அறுவை. நான்காம் வகுப்புப் படிப்போடு பாதத்தைச் செதுக்கிய மாஸ்டர்ஜி. ஆட முடியுமா என்ற கேள்வியைப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளாத மருத்துவர். பேரே தெரியாத ரீட்ரேடிங் கடைக்காரர்கள். உள்ளே, மாறாமல் காத்திருந்த மூளை வரைபடம். இவர்கள் நடுவேதான் அவருடைய பிடிவாதம் வேலை செய்தது. அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் மற்ற எல்லாம் சேர்ந்தும் ஆட்டம் நடந்திருக்காது. மற்றவை இல்லாவிட்டால் அந்தப் பிடிவாதத்துக்கு ஊன்ற இடம் இருந்திருக்காது.

இன்று நம் ஊரில் காலை இழப்பவர்களில் பலர் சர்க்கரை நோயாளிகள். நரம்பு மரத்துப்போய், முள் குத்தியதுகூடத் தெரியாமல், புண் அழுகிய பிறகு மருத்துவமனைக்கு வருகிறவர்கள். அவர்களிடம் போய்ச் சுதாவைப் பாருங்கள், மனம் வைத்தால் முடியும் என்று சொல்வது சுலபம். அதைவிட உதவக்கூடிய கேள்விகள் இருக்கின்றன. முழங்காலைக் காப்பாற்ற முடிகிற கட்டத்தில் மருத்துவரைப் பார்த்தாரா? காயம் ஆறி எஞ்சிய கால் சுருங்கச் சுருங்க, சாக்கெட்டை மாற்றித்தர ஆள் இருக்கிறாரா? சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் செயற்கைக் கால் செய்து தருகிறார்கள் என்று அவருக்கு யாராவது சொன்னார்களா? சொன்னாலும், வேலூருக்கு அப்பால் இருந்து மூன்று நான்கு முறை வந்துபோகப் பேருந்துக் காசும், கூட வர ஓர் ஆளும் உண்டா? இவற்றுக்கெல்லாம் ஆம் என்று பதில் வந்த பிறகு மனத்தைத் தளரவிடாதே என்று சொன்னால், அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இருக்கும்.